வேலை செய்கிற கதாநாயகர்கள்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வேளையில் எங்கள் வரிசையில் ஒரு சர்ச்சை கிளம்பியது. தமிழில் வந்த படங்களிலேயே சிறந்தது எது? ஒருவர் 'தில்லானா மோகனாம்பாள்' என்றார். இன்னொருவர் 'நாயகன்' என்று அடித்துச் சொன்னார். நான் 'முள்ளும் மலரும்' என்றேன். கூடவே 'வீடு' என்றும் சொல்லி வைத்தேன். "அதெல்லாம் அழுமூஞ்சிப் படம் சார், பண்டிகை நாளில் ஞாபகப்படுத்தாதீங்க" என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மலர்க்குழு நண்பர் மட்டும் சிரிக்காமல், "காரணத்தோடு எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்" என்று மாட்டிவிட்டார்.

நான் விமர்சகன் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டு முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்தியவன். காமிரா கோணம், எடிட்டிங் என்று பேசினால் மாட்டிக்கொள்வேன். ஆனால் எங்கள் தொழிலில் தண்டவாளத்தின் இடைவெளியை அளக்க ஒரு கேஜ் உண்டு. எந்த ஊர்ப் பாதையாக இருந்தாலும் அதை வைத்துப் பார்த்தால் சரியா தப்பா தெரிந்துவிடும். அதுபோலப் படம் பார்க்கவும் நான் ஒரு கேஜ் வைத்திருக்கிறேன். இந்தப் படத்தில் வருகிறவன் வயிற்றுப் பிழைப்புக்கு என்ன செய்கிறான்? அந்த வேலையை அவன் நிஜமாகச் செய்கிறானா?

யோசித்துப் பாருங்கள். நாம் பார்த்த நூறு படங்களில் தொண்ணூறில் கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான் என்றே தெரியாது. தெரிந்தாலும் முதல் காட்சியில் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவான், பிறகு படம் முடியும்வரை ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். நம்மில் பலர் பிறந்த ஊரை விட்டு இத்தனை தூரம் வந்ததே வேலைக்காகத்தான். நம் வாழ்க்கையில் பெரும் பகுதியை எடுத்துக்கொண்ட விஷயம் திரையில் காணவில்லையே என்பது என் பழைய குறை. அந்தக் குறையைத் தீர்த்த சில படங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சில எல்லோருக்கும் தெரிந்தவை, சில அவ்வளவாகத் தெரியாதவை.

அப்பாவின் விமர்சனம்

நான் வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் கடிகாரம் தேவையில்லை, ஒர்க்‌ஷாப் சங்குதான் எங்கள் கடிகாரம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது 'பச்சை விளக்கு' மறுபடி வந்தது. ஏ. பீம்சிங் இயக்கி 1964-ல் வெளியான படம். சிவாஜி கணேசன் இன்ஜின் டிரைவர் என்றதும் காலனியே கிளம்பிவிட்டது. அப்பா அபூர்வமாகச் சினிமாவுக்கு வந்தார்.

இன்ஜினில் நின்றபடி சிவாஜி பாடும் காட்சி வந்ததும் கொட்டகையில் ஒரே விசில். தங்கள் வேலையைத் திரையில் பார்த்த ஜனங்களின் சந்தோஷம் அது. வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாவிடம் படம் எப்படி என்று கேட்டேன். "பாட்டு நல்லாத்தான்டா இருக்கு. ஆனா ஓடற இன்ஜின்ல அப்படிப் பாடினா பக்கத்துல நிக்கற ஃபயர்மேனுக்கே கேக்காது" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். அடுத்த வாரம் அதே படத்துக்கு இன்னொரு தடவை போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்பாவிடம் இரண்டு பாடம் கற்றுக்கொண்டேன். தப்பைத் தப்பு என்று சொல்லலாம். அதற்காகப் படத்தை வெறுக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது பாடம் இல்லாவிட்டால் ரயில்வேக்காரனால் எந்தப் படத்தையும் பார்க்க முடியாது. பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' (1978) எல்லோருக்கும் நினைவிருக்கும். ராதிகாவின் முதல் படம். கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் சேதி எழுதி அனுப்புகிற காதல் கதை. கிளைப் பாதையில் பாசஞ்சர் வண்டி போய்த் திரும்பும்போது இன்ஜின்தான் மறுமுனைக்கு மாறும். போகும்போது கடைசியாக இருந்த பெட்டி வரும்போது இன்ஜினை ஒட்டி வந்துவிடும். நடுவில் பெட்டி கழுவும் இடம் வேறு இருக்கிறது. எங்கள் சஃபாய்வாலா துடைப்பத்துடன் ஒரு தடவை வந்திருந்தால் அந்தக் காதல் அன்றோடு முடிந்திருக்கும்! இது தெரிந்தும் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். கிராமத்து ஜனங்களுக்கு ரயில் என்றால் என்ன என்பது அதில் இருக்கிறது. அது போதும்.

என் கேஜுக்குத் தப்பாமல் பொருந்தும் படங்களில் 'தில்லானா மோகனாம்பா'ளும் ஒன்று என்பதைப் பொங்கல் பந்தி நண்பருக்கு இங்கே ஒப்புக்கொள்கிறேன். 1968-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்துக்கு நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும். வாசித்தவர்களின் மூச்சு சிவாஜியின் கன்னத்திலும் கழுத்திலும் தெரியும். ஒரு தொழிலைக் கவனித்துப் பார்த்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபமும் கர்வமும் அவன் தொழிலிலிருந்து வருகின்றன. அதனால்தான் அவை நமக்குப் பொய்யாகத் தோன்றுவதில்லை.

பாட்டே இல்லாத படம்

அதே சிவாஜி, 1954-ல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நா'ளில் ரேடியோ இன்ஜினியராக வருகிறார். இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். சங்கீதக்காரர் எடுத்த படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது! படத்துக்குப் பத்து, பதினைந்து பாட்டு இருந்த காலம் அது. என்ன தைரியம் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1943-ல், சென்னையில் குண்டு விழும் நேரத்தில் ஒரு கொலை நடக்கிறது. யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். முடிவை நான் சொல்லமாட்டேன். பார்க்காத பிள்ளைகள் இருப்பார்கள். என்னைத் தொட்டது வேறு. ராஜன் திறமைசாலி. அவன் கண்டுபிடித்ததை இங்கே யாரும் மதிக்கவில்லை. அந்தக் கசப்பு அவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கதை. கையில் நல்ல வேலை இருந்தும் அதை மதிக்க ஆள் இல்லாத மனிதன் எவ்வளவு ஆபத்தானவன் ஆகலாம் என்று எழுபது வருடம் முன்பே ஒரு தமிழ்ப் படம் சொல்லியிருக்கிறது. அவன் செய்தது மன்னிக்க முடியாத குற்றம். பண்டரிபாய் ஏற்ற மனைவி பாத்திரம் அதை நன்றாகவே உணர்த்துகிறது. ஆனால் பதவி உயர்வு தள்ளிப்போன வருடங்களில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ராஜனின் கசப்பு மட்டும் எனக்குப் புரிந்தது. புரிந்ததே என்று பயமாகவும் இருந்தது.

காளியும் நானும்

இனி 'முள்ளும் மலரும்'. இந்தப் படத்தோடு எனக்குள்ள கணக்கு சற்று நீளம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'கல்கி' வெள்ளி விழா நாவல் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய முதல் படம். 1978 ஆகஸ்ட் 15-ல் வெளியானது. 'தங்கப்பதக்க'த்துக்கு வசனம் எழுதிப் பெயர் வாங்கியவர், தன் படம் என்று வந்தபோது வசனத்தை முடிந்தவரை குறைத்துவிட்டார். ஒளிப்பதிவு பாலுமகேந்திரா, இசை இளையராஜா. ரஜினிகாந்த் ஏற்ற காளி ஒரு விஞ்ச் ஆப்பரேட்டர். மலைச்சரிவில் இரும்புக் கயிற்றில் டிராலியை இழுப்பதும் இறக்குவதும் அவன் வேலை. கீழே டிராலியில் நிற்பவன் உயிர் மேலே நிற்பவன் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட கையைத்தான் கதை பின்னால் காளியிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

காளிக்கு மேலதிகாரியாக இன்ஜினியர் குமரன் வருகிறார். சரத்பாபு. ஊர் ஜனங்களை டிராலியில் ஏற்றக் கூடாது என்பது விதி. காளிக்கு விதியாவது, ஒன்றாவது. மோதல் வருகிறது, குமரன் அவனைச் சஸ்பெண்ட் செய்கிறார். குடித்துவிட்டு விழுந்து கிடந்தவனின் கை மேல் லாரி ஏறிவிடுகிறது.

நான் முதலில் பார்த்தபோது பாலிடெக்னிக் மாணவன். பத்தொன்பது வயது. கொட்டகை முழுக்கக் காளி பக்கம். நானும் கைதட்டினேன். குமரனைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

பத்து வருடம் கழித்து நானே குமரன் ஆகியிருந்தேன். மத்தியப் பிரதேசத்தில், ஒற்றைப் பாதையில், நாலைந்து வண்டிகள் மட்டும் நிற்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்தேன். பாதையைச் சோதிக்க எனக்கு ஒரு புஷ் டிராலி, தள்ள நாலு டிராலிமேன்கள். அதில் மூத்தவர் என் அப்பா வயதுக்காரர். தண்டவாளத்தில் காலை வைத்தே எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார்.

ஒரு மழைக்கால இரவு. கிராமத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓடுகிற நாலா பொங்கிவிட்டது. ரோடு இல்லை. பிரசவ வலியில் ஒரு பெண். அந்தப் பெரியவர் மற்ற மூவரையும் எழுப்பி, ஷெட்டிலிருந்து டிராலியை எடுத்து, அவளை உட்காரவைத்து ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் கூட இல்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியாது. பிளாக் வாங்கவில்லை. பாதி வழியில் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. விளக்கைப் பார்த்து, பெண்ணை இறக்கி, டிராலியைத் தூக்கிப் போட்டு ஒதுங்கியிருக்கிறார்கள். கூட்ஸ் டிரைவர் அடுத்த ஸ்டேஷனில் ரிப்போர்ட் கொடுத்தார்.

இரவில் பிளாக் இல்லாமல் டிராலியைப் பாதையில் வைப்பது என்றால் என்ன என்பது ரயில்வேக் குடும்பங்களுக்குத் தெரியும். அரை நிமிடம் தாமதமாகியிருந்தால் ஐந்து பேரும் போயிருப்பார்கள். நான் சஸ்பென்ஷனுக்கு எழுதினேன். விசாரணையில் பெரியவர் ஒன்றையும் மறைக்கவில்லை, மற்ற மூவரும் தன் பேச்சைக் கேட்டுத்தான் வந்தார்கள் என்று தன் மேலேயே போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தத்தோடு முடிந்தது. திரும்ப வேலைக்கு வந்தார். சொன்ன வேலையைச் செய்தார். ஆனால் டிராலியில் போகும்போது முன்பெல்லாம் பேசிக்கொண்டே வருவாரே, அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தோம். மாதுங்காவிலிருந்து வந்த உறவினர் தமிழ் கேசட்டுகள் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்று 'முள்ளும் மலரும்'. இந்தத் தடவை நான் குமரன் பக்கம். "பாத்தியா, அவர் செஞ்சதுல என்ன தப்பு? ரூல்னா ரூல்தானே" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, அந்த டிராலிக்காரர் வீட்டுக்கு ஒரு தடவையாவது போய்ப் பாத்தீங்களா?" என்றாள்.

போகவில்லை. மறுநாள் போனேன். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார், அவர் மனைவி டீ கொண்டுவந்தார். நான் விதியைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் நடுவிலேயே கையைக் காட்டி நிறுத்தி, இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "தண்டனை சரிதான் சாப். தப்பு செய்தேன், நாலு பேர் உயிரோடு விளையாடினேன். ஆனால் இத்தனை விசாரணையில் அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை."

எனக்குப் பதில் வரவில்லை. பிறகுதான் கேட்டேன். பெண் குழந்தையாம். தாயும் சேயும் சௌக்கியம்.

இன்றும் என்னைக் கேட்டால் சஸ்பென்ஷன் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் எந்தச் சார்ஜ் ஷீட் எழுதும் முன்னாலும், எந்த விதியை மீறினான் என்று பார்ப்பதற்கு முன், ஏன் செய்தான், பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு டிராலிமேன். அவரிடம் என்னை அனுப்பியது என் மனைவி. அவளுக்கு அந்தக் கேள்வியை எடுத்துக்கொடுத்தது ஒரு சினிமா.

2019-ல் ஓய்வு பெற்ற பிறகு மூன்றாம் தடவை பார்த்தேன். அந்த வருடம்தான் மகேந்திரன் காலமானார். இந்தத் தடவை நான் யார் பக்கமும் இல்லை. கடைசியில் காளி தன் தங்கையைக் குமரனுக்கே கொடுக்கிறான். கொடுக்கும்போதும் 'உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை' என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். இருவரும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆகவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்போது வாழ்க்கை அப்படித்தானே முடிகிறது? அந்தப் பெரியவரும் என்னோடு பழையபடி பேசவில்லை. ஆனால் நான் மாற்றலாகிப் போன அன்று ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

ஒரு டிக்கெட் பரிசோதகரின் கதை

அடுத்தது இந்திப் படம். அதிகம் பேர் பார்த்திருக்கமாட்டார்கள். '27 டவுன்' (1974). பம்பாய் - வாரணாசி எக்ஸ்பிரஸின் பழைய எண்ணைத்தான் தலைப்பாக வைத்தார்கள். வண்டிகளுக்கு அப், டவுன் என்று எண் இருந்த காலம். புசாவல், இடார்சி, ஜபல்பூர் வழியாகப் போகும் பாதை என்பதால் எனக்கு அது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படம் பார்ப்பதுபோல.

எம்.கே. ரெய்னா ஏற்ற இளைஞனுக்கு ஓவியம் படிக்க ஆசை. இன்ஜின் டிரைவராக இருந்த தகப்பன் அவனை ரயில்வே வேலையில் சேர்த்துவிடுகிறார். டிக்கெட் பரிசோதகராக ஆகிறான். வண்டியில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். ராக்கி. தகப்பன் வேறு இடத்தில் கல்யாணம் முடித்து வைக்கிறார், சீதனமாக எருமைகள் வருகின்றன. அவன் எதையும் எதிர்ப்பதில்லை, ஏறுகிறான், இறங்குகிறான், மறுபடி ஏறுகிறான். நிஜ ரயில்களிலும் நிஜ ஸ்டேஷன்களிலும் எடுத்த படம். காலியான பிளாட்பாரத்தில் லோக்கல் வண்டி வந்து நிற்கும் ஒரு காட்சி உண்டு. கண் மூடித் திறப்பதற்குள் தரையே தெரியாமல் தலைகள். பம்பாயில் வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்தால் தானாகவே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்!

கறுப்பு வெள்ளைப் படம். ஒளிப்பதிவு செய்த ஏ.கே. பீருக்கு இதுதான் முதல் கதைப் படம். சிறந்த இந்திப் படத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது. இயக்கிய அவதார் கிருஷ்ண கௌல் விருது அறிவிக்கப்பட்ட சமயத்திலேயே, 1974-ல், பம்பாயில் நீரில் மூழ்கி இறந்துபோனார். அவர் எடுத்த முழுநீளப் படம் இது ஒன்றுதான்.

இந்தப் படத்தை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு, எந்த வேலை என்று நாமே தீர்மானித்துவிட்டு 'செட்டில் ஆகிவிட்டான்' என்று மூச்சு விடுகிறோம். என் மகனுக்கும் நான் அப்படித்தான் செய்தேன். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் போன வருடம் இந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் அவன் ஒன்றும் சொல்லாமல் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து பேரனிடம் 'பெரியவன் ஆனால் என்னவாகப் போகிறாய்' என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மூட்டைக் கணக்கு

பாலுமகேந்திராவின் 'வீடு' (1988). பாட்டு இல்லை. இளையராஜா தனி ஆல்பமாக வெளியிட்டிருந்த இசையே பின்னணி. ஆபீசில் வேலை பார்க்கும் சுதா, அவள் தங்கை, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று இறங்குகிறார்கள். கதை அவ்வளவுதான். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது, படத்துக்கும் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது. படத்துக்காகவே சாலிகிராமத்தில் நிஜமாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே எடுத்தார்கள். அதனால் கடைக்கால் தோண்டுவதும் செங்கல் ஏறுவதும் செட் வேலையாகத் தெரியாது.

சிமெண்ட் மூட்டைகளைக் கான்டிராக்டர் கடத்துவதை அதில் யார் காட்டிக்கொடுக்கிறார் என்று கவனியுங்கள். இன்ஜினியர் இல்லை, படித்தவர்கள் யாரும் இல்லை, ஒரு சித்தாள். கலவையைத் தலையில் சுமக்கிறவளுக்குத்தான் அதில் சிமெண்ட் எவ்வளவு என்று தெரிந்திருக்கிறது. இந்த உண்மையை நான் தளத்தில் பலமுறை பார்த்தவன். 1998-ல் நாக்பூரில் நான் வீடு கட்டியபோது இந்தப் படத்தை நினைத்துக்கொண்டு தினமும் காலையில் போய் மூட்டையை எண்ணுவேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு மராத்தி மேஸ்திரி, "மூட்டையை எண்ணுங்கள் சாப், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிவிட்டு ஒரு வார்த்தை நல்லா இருக்கியா என்றும் கேளுங்கள்" என்றார். பழைய பாடத்தையே எனக்கு இரண்டாம் தடவை நடத்த வேண்டியிருந்தது!

தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வரும் காட்சி ஒன்று போதும். வயதானவர் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அதற்குமேல் நான் சொன்னால் அந்தக் காட்சி கெட்டுவிடும். அடுத்த வருடம் இதே பாகவதரை வைத்துப் பாலுமகேந்திரா தூர்தர்ஷனுக்காக எடுத்த 'சந்தியா ராகம்' இன்னும் சிறிய படம், இன்னும் நல்ல படம். நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் மருமகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு பேருக்கும் உபயோகமாக இருக்கும்.

பார்க்கக் கிடைக்காத படமும் என் பட்டியலில் ஒன்று உண்டு. ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கி 1965-ல் வெளியிட்ட 'உன்னைப்போல் ஒருவன்'. சித்தாள் வேலை செய்யும் தாய், அவள் மகன், குடிசைப் பகுதி வாழ்க்கை. தேசிய அளவில் மூன்றாவது சிறந்த படமாக விருது பெற்றது. கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். படத்தைத் தேடாத இடமில்லை, இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை. பாலத்தைப் பராமரிக்காவிட்டால் ஒருநாள் அது இருக்காது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். படச்சுருளும் அப்படித்தான். பழைய தமிழ்ப் படங்களைக் காக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று பாலுமகேந்திரா 2014-ல் காலமாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவியின் ஆட்சேபம்

இவ்வளவும் எழுதி மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "விஞ்ச் ஓட்டறது வேலை, டிக்கெட் கிழிக்கறது வேலை, சிமெண்ட் தூக்கறது வேலை. சமையல்கட்டுல நாங்க செய்யறது உங்க கேஜுக்குள்ள வராதோ?" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. பத்துப் படம் எழுதியும் அது என் மண்டையில் உதிக்கவில்லை.

அவள் சொல்லித்தான் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பார்த்தேன். 2021-ல் ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படம். தமிழிலும் 2023-ல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க வந்தது. நான் பார்த்தது மலையாளம். நறுக்குவது, அரைப்பது, துடைப்பது, ஒழுகும் ஸிங்க். மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. கேங்மேன் வேலையும் இதேதான். பாதையை இன்று சரிசெய்துவிட்டு வருவோம், நாளை வண்டி ஓடி மறுபடி கெடும். ஆனால் கேங்மேனுக்குச் சம்பளம் உண்டு, வார ஓய்வு உண்டு, அறுபதில் ஓய்வு உண்டு. படம் முடிந்ததும் சாப்பிட்ட தட்டை நானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். "எண்ணெய் போகல, இன்னொரு தடவை தேயுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கனவு காணத்தானே சினிமா, அங்கேயும் வேலையா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். கனவுப் படங்களை நானும் ரசிப்பேன். 'ரிக்‌ஷாக்கார'னில் (1971) எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் இருந்தபடியே சிலம்பம் சுற்றும்போது இன்றும் விசில் அடிக்கத் தோன்றுகிறது. அந்தப் படங்கள் என் மாலைப் பொழுதைச் சந்தோஷமாக்கின. மேலே சொன்ன படங்களோ மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போன விதத்தையே மாற்றின.

வருகிற விடுமுறையில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வரும்போது இவற்றில் ஒன்றையாவது சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும், உங்கள் வேலையில் நீங்கள் யாரையாவது கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றை அவர்களிடம் சொல்லுங்கள். 'உன்னைப்போல் ஒருவன்' யார் கைவசமாவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள். டீயும் முறுக்கும் என் வீட்டில். தட்டுக் கழுவும் பொறுப்பும் என்னுடையதே.